லொறியை மறித்தால் வீட்டில் என்ன செய்வது?



மாத்தளை மாவட்டத்தில் பல குடும்பங்களுக்கு லொறிதான் சோறு போடுகிறது. கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ 9 வீதி மாத்தளை நகரம், நாலந்தை, நாவுல, தம்புள்ளை என்று எமது மாவட்டத்தின் நடுவாகச் செல்கிறது. தம்புள்ளையில் 1999 ஆம் ஆண்டு பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்ட பின்னர், நாட்டின் எல்லாப் பக்கங்களில் இருந்தும் மரக்கறி லொறிகள் இரவு பகலாக இங்கே வந்து போகின்றன. கணவன், மகன், தம்பி, மருமகன் என்று யாரோ ஒருவர் சாரதியாக அல்லது உதவியாளராக இந்த வேலையில் இருக்கும் வீடுகள் உக்குவளையிலும் இறத்தோட்டையிலும் எல்கடுவையிலும் ஏராளம். போரிலே எல்லாவற்றையும் இழந்து வந்த குடும்பங்களுக்கும் முதலில் கைகொடுத்த தொழில்களில் இதுவும் ஒன்று.

லொறியை வீதியில் மறித்துச் சோதிக்கும்போது, வாகனத்தில் அல்ல, ஓட்டுபவரின் தகுதியில் குறை கண்டுபிடிக்கப்பட்டால் என்ன செய்வது? இந்த மாதம் அதைப் பற்றிப் பேசுவோம். இது ஆண்களின் விடயம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தண்டம் கட்டும் காசு நம்முடைய சீட்டுக் காசில் இருந்துதான் போகிறது. அடகு வைப்பதும் நம்முடைய தோடுதான். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு சகோதரியின் கதை

உக்குவளைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். அந்தச் சகோதரியின் பெற்றோர் 1983 கலவரத்தின்போது இங்கிருந்து கிளிநொச்சிக்கு ஓடியவர்கள். அவர் அங்கேதான் வளர்ந்தார், அங்கேதான் கலியாணம் முடித்தார். 2009 இல் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, உறவினர்களை நம்பித் திரும்பவும் இந்தப் பக்கம் வந்தார்கள். கணவருக்குச் செல் வெடித்ததில் ஒரு காது மந்தம். ஆனாலும் நல்ல சாரதி. தம்புள்ளையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாகப் பேலியகொடைச் சந்தைக்குப் போய் வருவார்.

ஒருநாள் மாலை, வெறும் லொறியோடு தம்புள்ளைக்குப் போகும் வழியில் நாவுலைக்கு அருகில் பொலிஸார் மறித்தார்கள். காப்புறுதி சரி, வருமான அனுமதிப்பத்திரம் சரி, லொறியின் தகுதிச் சான்றிதழும் சரி. சாரதி அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிப் பார்த்த உத்தியோகத்தர், லொறி ஓட்டும் வகைக்கான காலம் முடிந்து 4 மாதம் ஆகிவிட்டது என்றார். இவர், “இல்லை சேர், முன்பக்கத்தில் இன்னும் வருடக்கணக்காக இருக்கிறது” என்று வாதாடினார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. எப்படி என்று கீழே விளக்குகிறேன்.

கையில் ஒரு தாளைக் கொடுத்து, அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டார்கள். லொறியை எடுத்துச் செல்ல முதலாளி வேறு சாரதியை அனுப்பினார். இவர் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். வந்தவர் சாப்பிடவில்லை, பேசவும் இல்லை. தாளை அலுமாரியில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

தாள் சிங்களத்தில் இருந்தது. பக்கத்து வீட்டு முச்சக்கரவண்டிக்காரர் பார்த்துவிட்டு, “இது தண்டத் தாள்தானே, 14 நாளுக்குள்ள போஸ்ட் ஒபீஸ்ல கட்டினா சரி” என்றார். அந்தச் சகோதரி காசு திரட்டுவதற்கு ஒரு கிழமையைச் செலவழித்தார். தபாலகத்துக்குப் போனபோது, இது இங்கே கட்டுவது இல்லை, நீதிமன்றத்துக்குப் போக வேண்டியது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகுதான் என்னிடம் வந்தார். தவணைக்கு 6 நாட்களே இருந்தன.

அட்டையின் இரு பக்கங்கள்

எமது நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திர அட்டையின் முன்பக்கத்தில் ஒரு முடிவுத் திகதி இருக்கும். பலர் அதை மட்டும் பார்க்கிறார்கள். பின்பக்கத்தில் மோட்டார் சைக்கிள், கார், லொறி, பஸ் என்று ஒவ்வொரு வாகன வகைக்கும் தனித்தனியாகத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் அச்சிடப்பட்டிருக்கும். இலகு ரக வாகனங்களுக்கு 8 வருடம், கனரக வாகனங்களுக்கு 4 வருடம். லொறிகளுக்கு ‘சி1’, ‘சி’ என்று வகைகள் உண்டு. மொத்த நிறை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரையான லொறிகள் ‘சி1’. அதற்கு மேற்பட்டவை ‘சி’.

ஆகவே ஒருவருடைய கார் ஓட்டும் தகுதி இன்னும் 4 வருடம் செல்லுபடியாக இருக்கும்போதே, லொறி ஓட்டும் தகுதி முடிந்துபோயிருக்கலாம். கனரகத்துக்குக் குறைந்த காலம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. பாரமான வாகனத்தை ஓட்டுபவரின் கண், காது, இரத்த அழுத்தம், சீனி ஆகியவற்றை அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதுதான் அது. புதுப்பிக்க வேண்டுமானால் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். நுகேகொடையில் தலைமையகம் இருக்கிறது. மாவட்டங்களில் கிளைகள் உண்டு. அந்தச் சான்றிதழும் எக்காலத்துக்கும் உதவாது. எடுத்துச் சில மாதங்களுக்குள் அனுமதிப்பத்திர விண்ணப்பத்தோடு கொடுத்துவிட வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2022 பொருளாதார நெருக்கடியின்போது அட்டை அச்சிட வசதியில்லாமல், இலட்சக்கணக்கானவர்களுக்குத் தற்காலிகக் கடதாசி அனுமதிப்பத்திரங்களே கொடுக்கப்பட்டன. “பிறகு அட்டை வரும்தானே” என்று அந்தக் கடதாசியை மடித்து வைத்துக்கொண்டு, திகதியை மறந்தவர்கள் பலர். உங்கள் வீட்டில் அப்படி ஒரு கடதாசி இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

கையில் கிடைத்த தாள் எது?

பொலிஸார் மறித்தபின் கையில் கிடைக்கும் தாள் எப்போதும் ஒரே விதமானது அல்ல. இதைப் பிரித்து அறிவதுதான் முதல் வேலை.

முதலாவது, அந்த இடத்திலேயே எழுதிக் கொடுக்கும் தண்டப் பத்திரம். சிறிய குற்றங்களுக்கு இது கொடுக்கப்படும். 14 நாட்களுக்குள் தபாலகத்தில் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டி அனுமதிப்பத்திரத்தைத் திரும்பப் பெறலாம். அந்த 14 நாட்களுக்கும் அந்தத் தாளே தற்காலிக அனுமதிப்பத்திரம். 14 நாள் கடந்தால் இரட்டிப்புத் தண்டம். 28 நாளும் கடந்தால் நீதிமன்றம்தான். 2025 இல் இருந்து கைத்தொலைபேசி மூலம் கட்டும் கவ்பே முறையும் படிப்படியாக அறிமுகமாகியிருக்கிறது.

இரண்டாவது, நீதிமன்றத்துக்கு வரச் சொல்லும் தாள். அதில் நீதிமன்றத்தின் பெயர், திகதி, குற்றம் ஆகியவை இருக்கும். செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டுவது, மது அருந்திவிட்டு ஓட்டுவது, காப்புறுதி இல்லாமல் ஓட்டுவது போன்றவை தபாலகத்தில் முடியும் விடயங்கள் அல்ல. செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இன்றி வாகனம் ஓட்டுவதற்குக் குறைந்தபட்சத் தண்டமே 25,000 ரூபா. அப்படிப்பட்ட ஒருவரைச் சாரதியாக வேலைக்கு அமர்த்தும் உரிமையாளருக்கும் அதேபோன்ற தண்டம் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை.

எனவே தாள் கையில் கிடைத்த அன்றே, சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். என்ன குற்றம் எழுதியிருக்கிறது? எந்த இடத்துக்குப் போக வேண்டும்? எந்தத் திகதிக்கு முன் அல்லது எந்தத் திகதியில்? பதிலைத் தமிழில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பாடசாலை போகும் பிள்ளையிடம் மட்டும் கொடுத்து வாசிக்கச் செய்யாதீர்கள். பிழைவிட்டால் அந்தப் பழி பிள்ளையின் மனதில் நிற்கும். கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகத்தில் உள்ள உத்தியோகத்தர், நம்பிக்கையான ஆசிரியர் என்று யாராவது ஒருவர் கிடைப்பார்.

செய்யக்கூடாத மூன்று

ஒன்று, தவணைக்குப் போகாமல் இருப்பது. “தண்டம் கட்டக் காசு இல்லை, அதனால் போகவில்லை” என்று சொல்லும் குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். காசு இல்லாவிட்டாலும் ஆள் போக வேண்டும். போகாவிட்டால் பிடியாணை வரும். சிறிய விடயம் பெரியதாகிவிடும். போரில் உறவினர்கள் கைதாகிக் காணாமல்போன குடும்பங்களுக்கு பிடியாணை என்ற சொல்லே எவ்வளவு பயத்தைத் தரும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தினாலேயே தவணையைத் தவறவிடாதீர்கள். போய் நின்றால், கட்டுவதற்குக் கால அவகாசம் தரும்படி நீதவானிடம் கேட்கலாம்.

இரண்டு, வீதியில் காசு கொடுத்து முடிக்கப் பார்ப்பது. இலஞ்சம் கொடுப்பதும் குற்றம். யாராவது கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அறிவிக்கலாம். கொடுத்து முடித்தாலும் திகதி முடிந்த அட்டை திகதி முடிந்ததுதான். அடுத்த சோதனை இன்னும் 20 கிலோமீற்றரில் இருக்கலாம்.

மூன்று, தரகர்களிடம் போவது. அனுமதிப்பத்திரக் கந்தோர்களைச் சுற்றி, “டொக்டரைப் பார்க்காமலே சேர்ட்டிபிகேட் எடுத்துத் தருகிறேன்” என்று சொல்பவர்கள் இருப்பார்கள். போலிச் சான்றிதழோடு பிடிபட்டால் அது வேறொரு பெரிய வழக்கு. பிடிபடாவிட்டால் அதைவிட ஆபத்து. கண் தெரியாத ஒருவர் லொறியோடு வீதியில் இருப்பார்.

செய்ய வேண்டியவை

அந்தச் சகோதரியின் குடும்பம் செய்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். 

முதலில், கணவர் லொறி ஓட்டுவதை நிறுத்தினார். முதலாளி “ராத்திரி மட்டும் ஓட்டு, யாரும் பார்க்க மாட்டார்கள்” என்று சொல்லிப் பார்த்தார். இந்த இடத்தில் மனைவி உறுதியாக நின்றார். மீண்டும் பிடிபட்டால் நீதிமன்றத்தில் சொல்ல ஒரு நியாயமும் இருக்காது. விபத்து நடந்தால், செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இல்லாத சாரதி என்ற காரணத்தைக் காட்டி, லொறிக்கான நட்டஈட்டைக் காப்புறுதி நிறுவனம் மறுக்கவும் இடமுண்டு.

இரண்டாவது, தவணைக்கு முன்னரே மருத்துவப் பரிசோதனைக்குப் போனார்கள். நீதிமன்றத்தில் “புதுப்பிக்கப் போகிறேன்” என்று வாயால் சொல்வதைவிட, “போயிருக்கிறேன், இதோ கடதாசி” என்று காட்டுவது நல்லது. 

மூன்றாவது, சட்ட ஆலோசனை. சட்ட உதவி ஆணைக்குழு 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டது. வருமானம் குறைந்தவர்களுக்கு அது உதவுகிறது. பல நீதிமன்றங்களை அண்டி அதன் நிலையங்கள் உள்ளன. நீதிமன்ற வளாகத்தில் கேட்டால் காட்டுவார்கள். சம்பளத் துண்டு அல்லது கிராம உத்தியோகத்தரின் கடிதம், அடையாள அட்டை, அந்தத் தாள் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். 

நான்காவது, மொழி. நீதிமன்றத்தில் நடப்பது விளங்காவிட்டால் தலையாட்டிவிட்டு வர வேண்டியதில்லை. தமிழில் மொழிபெயர்ப்புப் பெறும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. அதன் மொழி அத்தியாயம் 1988 இல் 16 ஆவது திருத்தத்தால் திருத்தி எழுதப்பட்டது. “எனக்குச் சிங்களம் விளங்காது, தமிழில் சொல்லுங்கள்” என்று மரியாதையாகக் கேட்கலாம். 

அன்று கணவர் குற்றத்தை ஏற்றுக்கொண்டார். மருத்துவப் பரிசோதனைக்குப் போன கடதாசியைக் காட்டினார். 25,000 ரூபா தண்டம். கட்டுவதற்கு அவகாசம் கிடைத்தது. 

முதலாளியின் பங்கு

முதலாளி முழுத் தண்டத்தையும் சம்பளத்தில் வெட்டப் பார்த்தார். அதோடு அந்த மாதம் செய்த ஓட்டங்களுக்கான காசையும் நிறுத்தி வைத்தார். உழைத்த கூலியைத் தொழில்தருநர் தன்னிஷ்டப்படி வெட்ட முடியாது. எவற்றை வெட்டலாம், எவற்றுக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்று சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். செலவில்லை.

அந்தச் சகோதரி தொழில் அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வந்து முதலாளியிடம் பேசினார். சண்டை பிடிக்கவில்லை. “ஐயா, அனுமதிப்பத்திரம் முடிந்த ஆளை வேலைக்கு வைத்ததற்கு உங்களுக்கும் கேஸ் இருக்காம். நீங்களும் திகதியைப் பார்த்திருக்கலாம்தானே” என்று மட்டும் சொன்னார். நிறுத்திய கூலி கிடைத்தது. தண்டத்தில் பாதியை முதலாளி ஏற்றார். எல்லா முதலாளிகளும் இப்படி இறங்கி வருவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விபரம் தெரிந்தபின் பேசுவது வேறு, தெரியாமல் அழுவது வேறு.

அப்போதுதான் இன்னொன்றும் தெரியவந்தது. 9 வருடம் ஓட்டிய இவருக்கு ஊழியர் சேமலாப நிதி ஒரு சதம்கூட இல்லை. 1958 ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியரின் சம்பளத்தில் இருந்து 8 சதவீதம், தொழில்தருநர் 12 சதவீதம் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு தொழில்தருநர் இன்னும் 3 சதவீதம் கட்ட வேண்டும். உங்கள் வீட்டுச் சாரதிக்கு இலக்கம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

வைத்தியர் சொன்னது

இனித்தான் கதையின் கடினமான பகுதி. மருத்துவப் பரிசோதனையில் சான்றிதழ் உடனே கிடைக்கவில்லை. சீனி கூடுதலாக இருந்தது. கண்பார்வை குறைந்திருந்தது. கண் வைத்திய நிபுணரின் கடிதம் கொண்டுவரும்படி அனுப்பினார்கள். கணவர் வீட்டுக்கு வந்து மனைவியைத் திட்டினார். “நீதான் போகச் சொன்னாய், இப்போ உள்ளதும் போச்சு” என்றார்.

அன்று மாலை அந்தச் சகோதரி என்னோடு பேசியதை மறக்க முடியாது. 

“மிஸ், எனக்கு முன்னமே தெரியும். ராவையில வாசப்படிய பார்க்காம கால வைப்பாரு. எதிரில வெளிச்சம் அடிச்சா கண்ண மூடிக்குவாரு. சில நாள் வேர்த்துக் கொட்டி கை நடுங்கும், சீனி போட்டு தண்ணி குடுப்பேன். கிளினிக் போங்கன்னு சொன்னா, போனா வேலை போயிரும்னு சொல்வாரு. நானும் பேசாம இருந்துட்டேன். புள்ளைங்க படிக்கணுமே.”

அவர் பேசாமல் இருந்ததை நான் குறை சொல்லவில்லை. வருமானம் ஒன்றுதான் இருக்கும் வீட்டில் அதைப் பற்றிக் கேள்வி கேட்பதற்கு மிகுந்த தைரியம் வேண்டும். ஆனால் அவர் சொன்ன ஒவ்வொன்றும் நோயின் அறிகுறி. சீனி வருத்தம் கண்ணின் உட்பகுதியில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பழுதாக்கும். தொடக்கத்தில் வலி இருக்காது. ஆகவே சீனி வருத்தம் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது கண்ணைக் காட்ட வேண்டும். நேரத்தோடு பிடித்தால் லேசர் சிகிச்சையினால் பார்வையைக் காப்பாற்றலாம். சீனி மருந்தைப் போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் ஓட்டினால் சீனி திடீரென இறங்கும். வியர்வை, நடுக்கம், கண் மங்கல், தடுமாற்றம் வரும். ஸ்டியரிங் பிடித்த கையில் இது வந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

2025 மே 11 ஆம் திகதி அதிகாலை கொத்மலை கெரண்டி எல்லையில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 20 இற்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாம் எல்லோரும் அறிவோம். அந்த நாட்களில் நாடு முழுவதும் நித்திரை இல்லாமல் வாகனம் ஓட்டுவதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு பேச்சு அடங்கிவிட்டது. நம் வீட்டுச் சாரதி எத்தனை மணி நேரம் நித்திரை கொண்டார் என்பது பொலிஸுக்குத் தெரியாது. வைத்தியருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும்.

முதலில் கடைசியில் சொல்வதாகச் சொன்ன காரணம் இதுதான். மருத்துவர் அவரை 10 நிமிடம் பார்க்கிறார். நீங்கள் ஒவ்வொரு நாளும் பார்க்கிறீர்கள். 

போரில் இருந்து வந்த ஆண்கள் பலர் இரவில் நித்திரை கொள்வதில்லை. சத்தம் கேட்டால் திடுக்கிட்டு எழும்புவார்கள். சிலருக்கு உடம்பில் இன்னும் செல் துண்டு இருக்கிறது. சிலர் நித்திரைக் குளிசை எடுக்கிறார்கள். சிலர் முழித்திருக்க வேறு ஏதாவது எடுக்கிறார்கள். “இதெல்லாம் சொன்னால் பைத்தியம் என்பார்கள்” என்று மறைக்கிறார்கள். நித்திரையின்மைக்கும் பயத்துக்கும் அரச வைத்தியசாலைகளில் மனநலக் கிளினிக் இருக்கிறது. போனில் பேசுவதற்கு 1926 இலக்கம் உண்டு. 

அந்தக் குடும்பத்துக்கு அடுத்த மூன்று மாதங்கள் இலகுவாக இருக்கவில்லை. கண் கிளினிக், லேசர், சீனிக் கிளினிக் என்று அலைந்தார்கள். சகோதரி தைத்தார், மிளகு பறிக்கும் காலத்தில் கூலிக்குப் போனார். சங்கத்தில் சிறுகடன் எடுத்தார். கணவர் தம்புள்ளையில் மூட்டை இறக்கும் இடத்தில் கணக்கு எழுதினார். அவருக்கு அது வெட்கமாக இருந்தது. கோபம் வந்த நாட்களும் இருந்தன. கை நீட்டும் அளவுக்கு அது போகவில்லை. அப்படிப் போகும் வீடுகளும் உண்டு. அங்கே சகித்துக்கொண்டு இருக்க வேண்டாம். பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கு அழையுங்கள். 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது.

சீனி கட்டுப்பாட்டுக்கு வந்த பின், கண் வைத்தியரின் கடிதத்தோடு மீண்டும் போய்ச் சான்றிதழ் பெற்றார்கள். அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்பட்டது. ஆனால் இரவு ஓட்டத்தை அவர் விட்டுவிட்டார். மனைவி கேட்டதற்காக அல்ல, கண் வைத்தியர் சொன்னதற்காக என்று அவர் சொல்கிறார். இருக்கட்டும். இப்போது பகலில் சிறிய லொறியில் மாத்தளையில் இருந்து கண்டி வரை மட்டும் ஓடுகிறார். வருமானம் முன்பைவிடக் குறைவு. “மாசக் கடைசியில கஷ்டம்தான் மிஸ். ஆனா ராத்திரி போன் அடிச்சா இப்ப எனக்கு நெஞ்சு அடிக்கிறது இல்ல” என்றார் அந்தச் சகோதரி.

நீங்களே உரிமையாளர் என்றால்

கணவனை இழந்த சில சகோதரிகள் லீசிங்கில் சிறிய லொறி எடுத்து, சாரதி வைத்து ஓட்டுகிறார்கள். அப்படியானால் சட்டத்தின் முன் நீங்கள்தான் தொழில்தருநர். சாரதியை வேலைக்கு எடுக்கும்போது அட்டையின் இரு பக்கங்களையும் போட்டோப் பிரதி எடுத்து வையுங்கள். உங்கள் லொறி எந்த வகைக்குள் வருகிறது, அந்த வகை அட்டையில் இருக்கிறதா, எப்போது முடிகிறது என்று பாருங்கள். “தம்பி நம்ம ஆள்தானே” என்று விட்டுவிட வேண்டாம். லொறிக்கும் வருடாவருடம் தகுதிச் சான்றிதழ், புகைப் பரிசோதனை, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் வேண்டும். 2020 மார்ச் முதல் பல வருடங்கள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய லொறிகளே அதிகம் ஓடுகின்றன. பிரேக், டயர் பார்க்கும் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். லீசிங் தவணைக்காகச் சாரதியை ஓய்வில்லாமல் இரண்டு நடை அனுப்பாதீர்கள். அவர் வீட்டிலும் ஒரு பெண் விழித்திருக்கிறாள்.

இந்த மாதம் செய்யுங்கள்

ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்.

1. அட்டையின் பின்பக்கத்தில் லொறி வகையின் முடிவுத் திகதி. அதற்கு மூன்று மாதம் முன்னதான திகதியைக் கலண்டரில் வட்டமிடுங்கள். மருத்துவப் பரிசோதனைக்கு அன்றே நேரம் எடுக்க வேண்டும்.

2. கடைசியாகச் சீனி, பிரஷர் பார்த்த திகதி. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாகப் பார்க்கிறார்கள். உங்களுக்கும் சேர்த்துப் பாருங்கள்.

3. கடைசியாகக் கண் காட்டிய திகதி.

4. முதலாளியின் முழுப் பெயர், விலாசம், சேமலாப நிதி இலக்கம்.

5. வாகனத்தின் காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் முடியும் திகதிகள்.

கணவரிடம் இதைக் கேட்கும்போது வீட்டுக்கு வந்தவுடன் கேட்காதீர்கள். சாப்பிட்டு, ஒரு நித்திரை கொண்டு எழும்பிய பின் கேளுங்கள். “உங்களில் நம்பிக்கை இல்லை” என்ற தொனி வரக்கூடாது. “பொலிஸ் பார்க்க முன்னம் நாங்கள் பார்த்துவிடுவோம்” என்று சொல்லுங்கள். அந்தச் சகோதரி இப்போது எங்கள் மாதாந்தக் கூட்டத்துக்கு வரும்போது தன் கொப்பியைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குக் காட்டுகிறார். கடந்த கூட்டத்தில் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன இருவர், தங்கள் மகன்மாரின் அட்டைகளில் திகதி நெருங்கிவிட்டதைக் கண்டுபிடித்தார்கள்.

உங்கள் பகுதியில் இப்படியான அனுபவம் இருந்தால் எழுதுங்கள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று விளங்காவிட்டால், உங்கள் கிராமத்தில் வேலை செய்யும் சமூக சேவையாளரிடம் கொண்டு வாருங்கள். தவணைக்கு முதல்நாள் அல்ல, கிடைத்த மறுநாளே கொண்டு வாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.